லூக்கா இரண்டாம் அதிகாரத்துக்கு அப்புறம்: கிறிஸ்துமஸ் முடிந்தபின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளில், ஓய்வுநாள் பாடசாலை டீச்சராக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கணக்கு நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி கடைசி வரை பிள்ளைகளும், அவர்களைக் கூப்பிட வரும் தாய்மாரும், சங்கக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது வயசான அம்மாமாரும் கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எழுதி வைத்தேன். (தலைப்பில் இருக்கும் லூக்கா இரண்டாம் அதிகாரம், பைபிளில் இயேசு பிறந்த கதை வரும் இடம்.) நான் குருவானவர் அல்ல. இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிறிஸ்துமஸ் எப்போது முடிகிறது? ஸ்டாரை எப்போது இறக்க வேண்டும்?

ஜவுளிக்கடைக்காரருக்கு 24-ஆம் தேதி ராத்திரியே முடிந்துவிடும். சபை நாட்காட்டியில் 25-ஆம் தேதிதான் ஆரம்பம். அங்கிருந்து பன்னிரண்டு நாள் ஓடி, ஜனவரி 6-இல் பிரசன்னத் திருநாள் வரும். கத்தோலிக்கர் திருக்காட்சிப் பெருவிழா என்பார்கள். ஊர்ப்பக்கம் மூன்று ராஜாக்கள் திருநாள். (நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்தவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, சாஸ்திரிகள் என்கிறார். காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது. எங்கள் நாடகப் பெட்டியில் மூன்று கிரீடம்தான் இருக்கிறது, அதனால் நானும் மாற்றவில்லை.)

ஆகவே ஜனவரி 6 வரை ஸ்டார் தொங்கலாம். எங்கள் தெருவில் லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வரை தொங்கும் ஸ்டார் ஒன்று உண்டு. பல்பு பியூஸ் போய், ஒரு மூலை கிழிந்து, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும். அப்படித் தொங்குவதற்கு இறக்கி வைத்துவிடலாம்.

பண்டிகை முடிந்ததும் மனசு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

தூங்காத அலுப்பாக இருக்கலாம். இரண்டு வாரம் கேரல் ரவுண்ட்ஸ், மூன்று ராத்திரி அடுப்படியில் முறுக்கு, அதிகாலை ஆராதனை. உடம்பு என்ன இரும்பா?

மேய்ப்பர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். வானம் நிறைய தூதர்களைப் பார்த்தவர்கள். குழந்தையையும் பார்த்துவிட்டார்கள். அப்புறம் லூக்கா ஒரே வரியில் அவர்கள் திரும்பிப் போனார்கள் என்று முடித்துவிடுகிறார். தேவனைத் துதித்துக்கொண்டே போனார்கள், சரி. ஆனால் போனது அதே ஆட்டு மந்தைக்குத்தான். விடிந்தால் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

சரி, திரும்பிப் போய் என்னதான் செய்ய வேண்டும்? "கிறிஸ்தவனாக வாழ்" என்று பிரசங்கத்தில் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்களே?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஏனென்றால் இதற்கான பதில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது.

லூக்கா இரண்டாம் அதிகாரம் எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அகுஸ்துராயன் கட்டளை, முன்னணை (குழந்தையைக் கிடத்தின தீவனத் தொட்டி), மேய்ப்பர்கள் என்று ஐந்து வயதுப் பிள்ளைகூட மைக்கில் ஒப்பிக்கும். மூன்றாம் அதிகாரத்தைக் கேட்டால் பெரியவர்களே முழிக்கிறார்கள். அங்கே யோவான்ஸ்நானன் யோர்தான் கரையில் நின்று காரசாரமாகப் பேசுகிறார். கேட்டவர்கள் பயந்துபோய், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்கிறார்கள். ஒரு தரம் அல்ல, மூன்று கூட்டத்தார் தனித்தனியாக மூன்று தரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் வேறு.

சாதாரண ஜனங்களுக்கு: இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு, சாப்பாடும் அப்படியே. வரி வசூலிப்பவர்களுக்கு: விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகருக்கு: யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதுமென்று இரு. அவ்வளவுதான். உபவாசம் இரு என்றோ, வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்றோ யாருக்கும் சொல்லவில்லை. வரி வாங்குகிற மேசைக்கே திரும்பிப் போ, ஆனால் சரியாக வாங்கு என்கிறார்.

இதைப் படித்துக் காட்டிவிட்டு, உங்கள் மேசை எது என்று கேட்பேன். தாலுகா ஆபீசா, மளிகைக்கடைத் தராசா, ஆட்டோ மீட்டரா, டியூஷனா? பதில் அங்கேதான் இருக்கும்.

எனக்கு என் மேசை எது என்று புரிந்தது தாமதமாகத்தான். சில வருஷங்களுக்கு முன் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குக் கிறிஸ்துமஸுக்கென்று நல்ல சேலை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. டிசம்பர் சம்பளத்தை மட்டும் ஜனவரி ஏழாம் தேதி வரை இழுத்தடித்தேன், பண்டிகைச் செலவில் கை கடித்ததால். ஐந்தாம் தேதி அவர் தயங்கித் தயங்கி, "சேலை அழகாத்தான் இருக்கு டீச்சர். சம்பளத்த ஒண்ணாந்தேதியே குடுத்திருந்தா வட்டிக்கு வாங்காம பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருப்பேன்" என்றார். அந்த ஞாயிறு பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டிய பாடம் யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருமே, அதேதான். வாய் குழறியது.

பண்டிகைக்குக் கடன் வாங்கிவிட்டேன். ஏப்ரல் வரை கட்ட வேண்டும். இது தப்பா?

கடன் வாங்கியது தப்போ சரியோ, இனிமேல் கட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் அடுத்த வருஷத்துக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு மரியாளும் யோசேப்பும் எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன காணிக்கை ஒரு ஜோடு புறா. லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்தால் விவரம் தெரியும்: ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு கொண்டுவரலாம். பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே என்று யோசேப்பு கடனுக்கு ஆட்டுக்குட்டி வாங்கவில்லை.

ஆறு பேருக்கும் புது உடுப்பு, ஐந்து வகைப் பலகாரம், கேக் வேறு என்று கேட்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், தெரியும். முந்திரிக்கொத்து மட்டும் போதும் என்று சொல்ல ஒரு வருஷம் தைரியம் வேண்டும். இரண்டாம் வருஷம் எல்லோருக்கும் பழகிவிடும்.

புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த (பைபிள் வசன) அட்டையை என்ன செய்வது?

பீரோக் கதவில் ஒட்டுங்கள், நானும் ஒட்டுகிறேன். ஆனால் அது கிளி எடுக்கிற சீட்டு அல்ல. அட்டையில் இருக்கிற ஒரு வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று அந்த அதிகாரத்தை முழுதாகப் படியுங்கள். எரேமியா 29-இல் வரும் நம்பிக்கை வசனம் பலருக்கும் கிடைக்கும். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதே கடிதத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் இருக்கிறது; விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்றும் இருக்கிறது. அட்டையில் அந்த எழுபதை அச்சடிப்பதில்லை.

தசமபாகம் கட்டாயமா? மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா?

இதைக் கேட்காத ஜனவரி இல்லை. பத்தில் ஒன்று நல்ல அளவு. முடிகிறவர்கள் கொடுக்கலாம், முடியாதவர்கள் குறுகிப் போக வேண்டாம். ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் துல்லியமாகப் பத்தில் ஒன்று எடுத்து வைத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மத்தேயு 23-இல் பார்த்துக்கொள்ளுங்கள். சீரகத்தை எண்ணாதே என்று அவர் சொல்லவில்லை. இதையும் செய், அதையும் விடாதே என்றார்.

எனக்கு ரூபாய்க் கணக்கைவிடப் பிடியரிசி நெருக்கமானது. என் ஆச்சி வீட்டில் அடுப்படி மூலையில் ஒரு மண் கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்து போட்டதும், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துக் கலயத்தில் போடுவாள். சாக்கிலிருந்து எடுக்க மாட்டாள், அளந்த அரிசியிலிருந்துதான். அன்றைக்கு வீட்டில் ஒரு பிடி குறையும். மாசக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஒரு கைப்பிடி 40 கிராம் என்று வைத்தால் வருஷத்துக்குப் பதினாலரைக் கிலோ ஆகிறது. நூறு வீடு சேர்ந்தால் ஒன்றரை டன்னுக்குக் கிட்டத்தட்ட. ஆச்சிக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியே எங்களை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

சபையில் சாதி இல்லை என்கிறார்கள். கல்யாணப் பேச்சு வந்ததும் முதல் கேள்வியே அதுவாக இருக்கிறதே?

ஓய்வுநாள் பாடசாலையை முடித்துப் போன பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் திரும்பி வந்து கேட்கிற கேள்வி. தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டாம். இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயருக்கு முன்னால் "கிறிஸ்தவ" என்று சேர்த்து எழுதுகிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் கோடு இருக்கிறது.

பக்கத்திலேயே இருக்கிற வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1745-இல் அங்கேதான் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார் என்பது அவர்மேல் வந்த கோபங்களில் ஒன்று. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில் அவருக்குப் பின்னால் 1870-களில் எழுந்த ஆலயத்தில் இரண்டு கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும், நடுவில் தடுப்பு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கண்ணில் படக்கூடாது, பூசை மட்டும் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். ஆலயத்தின் பெயர் என்ன தெரியுமா? திருக்குடும்ப ஆலயம். முன்னணைக் குடும்பத்தின் பெயரை வைத்துவிட்டு நடுவில் சுவர். கத்தோலிக்கக் குரு கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-இல், தடுப்பை இடித்தார்கள். பழையபடி பிரித்துக் கொடு என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே அந்தக் கோரிக்கை எடுபடவில்லை.

அது கத்தோலிக்கர் கதை என்று எங்கள் ஆட்கள் யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டால், நம் கல்யாண அழைப்பிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம் வாருங்கள். கேட்ட பிள்ளைகளிடம் நான் சொல்வது: உன் பேச்சு வரும்போது நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதை இப்போதே வீட்டில் சொல்லி வை. முகூர்த்தப் பட்டு எடுத்த பிறகு சொன்னால் சண்டையாகும்.

பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கொடுப்பதைச் சாப்பிடலாமா?

கிறிஸ்துமஸுக்கு மூன்றே வாரத்தில் பொங்கல். நாம் அனுப்பின எவர்சில்வர் தூக்கு அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று சர்க்கரைப் பொங்கலோடு வருகிறது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதினதைச் சுருக்கிச் சொன்னால், முன்னால் வைக்கிறதைத் துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் சொல்லிக்காட்டி, அதனால் இன்னொருவர் மனசாட்சி இடறும் என்றால் விட்டுவிடு. இரண்டு பாதியும் அங்கே இருக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பிடுவோம். என் சின்ன மைனி சாப்பிட மாட்டாள். அவள் வந்திருக்கும்போது நாங்களும் அவள் முன்னால் எடுத்து வைப்பதில்லை. ஒன்று மட்டும் கண்டிப்பு: வாங்கி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கொட்டுவது கூடாது. வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

அண்ணனோடு சொத்துத் தகராறு. ஆலயத்தில் சமாதானம் சொல்கிறோம், வெளியே வந்தால் பேச்சு இல்லை.

1950-இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறையில் சமாதானம் கைமாறும் வழக்கம் சேர்ந்தது. பீடத்திலிருந்து தொடங்கி, ஒருவர் கூப்பிய கைகளை இன்னொருவர் தம் உள்ளங்கைகளுக்கு நடுவே வாங்கி, அடுத்தவருக்குக் கொடுப்பார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தம்பி எப்போதும் தூணுக்கு அந்தப் பக்கம் உட்காருவார், அண்ணன் கை வந்து சேரக்கூடாது என்று. எந்தெந்த வரிசையில் கை எப்படிப் போகும் என்ற கணக்கு அவருக்கு அத்துபடி.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். நிலத்தை விட்டுக்கொடு என்று அதற்கு அர்த்தம் இல்லை. அளவு எடுக்கட்டும், பத்திரம் பேசட்டும், வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தால் இட்லிப் பாத்திரத்தோடு போய் நில்லுங்கள். கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும்.

வீட்டில் குடும்ப ஜெபம் நடக்க மாட்டேன் என்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

ஐந்து நிமிஷம். ஒரு பாட்டில் ஒரு சரணம், பத்து வசனம், ஒருவர் ஜெபம். நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன் வைத்தால் சீக்கிரம் முடியும். சாப்பிட்ட பின் வைத்தால் தூங்கிவிடுவார்கள். ஜெபத்தில் பிள்ளையின் மார்க்கைச் சொல்லிக் குத்திக்காட்டுவதை நிறுத்துங்கள்.

ஊழியம் என்றால் மைக் பிடித்துப் பேசுவதுதானா?

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியாவை எல்லோருக்கும் தெரியும், முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். அவரும் நண்பர்களும் செராம்பூரில் கூடி தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கின தேதி 1905 டிசம்பர் 25. பண்டிகை நாளில் உட்கார்ந்து நிர்வாகக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். 1912-இல் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றதும் டிசம்பர் 29. அவர் போய் வேலை செய்த தோர்ணக்கல் தெலுங்கு தேசத்தில் இருக்கிறது, அங்கே ஜனங்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். தமிழ் ஆள், தெலுங்கு படித்து, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்.

மைக் இல்லாத ஊழியத்துக்குத் தூரம் போக வேண்டாம். எங்கள் ஊரில் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. டிசம்பரில் அங்கே கேக்கோடு போக வரிசையில் நிற்கிறோம். பரீட்சைக்கு எழுதிக் கொடுக்க மார்ச்சில் ஆள் தேடுவார்கள். அப்போது போங்கள்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு டிசம்பர் வந்தாலே அழுகை வருகிறது. இது பாவமா?

இல்லை.

கன்னியாகுமரி, நாகப்பட்டினம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கட்டின ஸ்டார் அப்படியே இருந்தது. பண்டிகைக்கென்று வேளாங்கண்ணி போனவர்கள் இருந்தார்கள், காலைப் பூசைக்குப் போனவர்கள் இருந்தார்கள். குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி என்று ஊர் ஊராகக் கல்லறை இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகிறார்கள், இன்றைக்கும்.

சபை நாட்காட்டியும் இதை மறைப்பதில்லை. 26-ஆம் தேதி கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான். 28-ஆம் தேதி ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகள். மத்தேயு அந்தத் தாய்மாரைப் பற்றி எழுதும்போது பிள்ளைகளை இழந்து அழும் ராகேல் ஆறுதலடையாதிருக்கிறாள் என்று எரேமியாவை எடுத்துக் காட்டுகிறார். அவளை அழாதே என்று மத்தேயு சொல்லவில்லை. நீங்களும் துக்க வீட்டில் போய் அதைச் சொல்லாதீர்கள். காப்பி போட்டுக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

டீச்சர், இதெல்லாம் நீங்கள் செய்கிறீர்களா?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று கேட்டது. அக்காவுக்குச் சம்பளம் இப்போது மாசம் முதல் தேதி. டிசம்பரில் மட்டும் 20-ஆம் தேதியே கொடுத்துவிடுகிறேன். 25-ஆம் தேதி அவர் வர வேண்டாம், பாத்திரத்தை நாங்களே தேய்க்கிறோம், வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே. அண்ணன் தம்பி விவகாரம் எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. நாத்தனாரோடு பேச ஆரம்பித்திருக்கிறேன், போன் அளவில். பிடியரிசிக்குக் கலயம் கிடைக்காமல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்தேன். வாரத்தில் ஐந்து நாள் ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் குக்கர் விசில் அடித்த பிறகுதான் ஞாபகம் வரும். அப்போது சாக்கிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறேன். ஆச்சி பார்த்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.